கோடரி மாயனுக்கு ஒரு சந்தன மாலை

கோடரி மாயன் என்ற கொலைகாரனை வைத்து ஆறு பாகம் எடுத்து ஊரைப் படுத்திய இயக்குநர் மார்த்தாண்டனுக்கு, தான் ஒரு மேதை என்று நினைப்பு. மூன்றாம் பாகத்தில் மாயனின் தலை போனது. நான்காம் பாகத்தில், செத்தது அவன் தம்பி என்றார். ஐந்தாம் பாகத்தில் மாயன் எரிந்து சாம்பலானான். ஆறாம் பாகத்தில், அது கனவு என்றார்.

ஏழாம் பாகத்துக்கு உதவியாளன் வேதமுத்துவைக் கூப்பிட்டார்.

"நாளைக்குத் தயாரிப்பாளர் அம்மா வர்றாங்க. ஆறு பாகமும் ஒரே கதைன்னு நம்பற மாதிரி, ஏழாவதை ஓட்டையே இல்லாம எழுதிட்டு வா. இல்லேன்னா வேலைக்கே வராதே."

மறுநாள் வேதமுத்துவின் நாற்காலியில் அவன் படம்தான் இருந்தது, சந்தன மாலையோடு. தயாரிப்பாளர் குணவதி பதறிப்போய், "ஐயையோ, எப்போ?" என்று கேட்கும்போதே, வேதமுத்து வடையைக் கடித்தபடி உள்ளே வந்தான்.

"யோவ்! செத்துட்ட மாதிரி மாலை போட்டு வெச்சிருக்கே?" என்று கத்தினார் மார்த்தாண்டன்.

"செத்தது என் தம்பி சார்."

"நீ ஒரே பிள்ளையாச்சே!"

"அது போன பாகத்துல சார். இந்தப் பாகத்துல தம்பி உண்டு."

"எழுதச் சொன்ன கதை எங்கேய்யா?"

"எழுதச் சொன்னீங்களா? அது கனவு சார்."

மார்த்தாண்டன் மேசையைக் குத்தினார். "இதையெல்லாம் நம்ப நான் என்ன கேனையனா?"

"ஜனங்களும் அதையேதான் சார் கேக்கறாங்க."

குணவதி எழுந்தார். படத்திலிருந்த மாலையைக் கழற்றி, சுவரில் முறைத்துக்கொண்டிருந்த மாயனின் போஸ்டருக்குப் போட்டார்.

"இந்தத் தடவை நிஜமாவே செத்துட்டான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.