குலமரத்தின் அடிப்பக்கம்

பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவே ஒரு தீவு. அதில் எலிகள் வாழ்ந்தன. கரையோரம் மணலில் புதைந்து ஒரு பழைய மரக்கட்டை கிடந்தது. அதுதான் அவற்றின் குலமரம். குட்டிகளுக்குப் பல் முளைத்ததும் முதல் கடி அந்தக் கட்டையில்தான்! ஆனால் அதன் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு.

ஒருநாள் காலை, கிழக்கே அமெரிக்கக் கரையிலிருந்து ஒரு மரம் மிதந்து வந்து கரை தட்டியது. அதன்மேல் ஒரு தாய் எலியும் மூன்று குட்டிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஐயா, வெள்ளம் எங்களை அடித்துக்கொண்டு வந்துவிட்டது! பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடித்துப் பல நாளாகிறது. கொஞ்சம் இடம் கொடுங்கள்!"

எலித் தலைவர் வயிரப்பல்லர் மீசை துடிக்கக் கத்தினார். "வந்தேறிகளுக்கு இங்கே இடமில்லை! நாங்கள் இந்த மண்ணிலேயே தோன்றியவர்கள்!"

அந்தக் கரையில் ஆலா என்ற கடற்பறவை ஒன்று இருந்தது. ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே யார் யார் கடல் கடந்தார்கள் என்று ஆராய்வதே அதற்கு வேலை. ஆமையைக் கேட்கும், திமிங்கலத்தைக் கேட்கும், கரை ஒதுங்கிய விதையைக்கூட விடாது.

"தலைவரே, அவசரப்படாதீர்கள்! உங்கள் குலமரத்தின் அடியை நான் பார்க்கும்வரை பொறுங்கள்!" என்றது ஆலா.

"குலமரத்தைத் தொட்டால் தெரியும் சேதி!"

சொன்னால் கேட்கிற ஆளா அவர்! எல்லா எலிகளும் சேர்ந்து, வந்த மரத்தைத் தாயும் குட்டிகளும் மேலே இருந்தபடியே கடலுக்குள் தள்ளின. தாய் எலி கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை.

அதற்குள் ஆலா குலமரத்தின் அடி மணலை அலகால் தோண்டிவிட்டது.

"ஓடி வாருங்கள்! கடலில் மிதக்கும் மரத்தில் ஒட்டுகிற சிப்பிகள் இதில் இருக்கின்றன! இந்த மரம் மேற்கே ஆசியக் கரையில் மட்டும்தான் வளரும். இதோ, உயிருக்குப் பயந்து கடித்துப் பிடித்த பல்தடங்கள்! எலிப் பல்தடங்கள்! உங்கள் முன்னோர் இதில்தான் வந்தார்கள்!"

வயிரப்பல்லர் குனிந்து பார்த்தார். "ஐயோ! அவர்களைத் திருப்பிக் கூப்பிடுங்கள்!"

நீரோட்டம் மரத்தை எங்கோ இழுத்துப் போயிருந்தது. ஆலா பொழுது சாயும்வரை பறந்து தேடியது. "காணோம்" என்று திரும்பி வந்தது.

ஏழாம் நாள் அதே மரம் கரை ஒதுங்கியது. அதன்மேல் யாரும் இல்லை. பட்டையில் ஒரு பெரிய பல்தடம், பக்கத்தில் மூன்று சின்னப் பல்தடங்கள். குலமரத்தின் அடியில் இருந்தவையும் இப்படித்தான் இருந்தன. வயிரப்பல்லர் அவற்றைத் தடவித் தடவி அழுதார்.

தன் முன்னோரும் ஒருநாள் கரை தேடித் தவித்தவர்களே என்பதை மறந்து, கரை தேடி வந்தவரை ஒருபோதும் துரத்தக் கூடாது.