ஒரே வாசல்

கோதண்டபாணி பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஐம்பதைத் தாண்டிய பிறகு லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ஜமீலா வயதில் ரொம்பவே இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

கோதண்டபாணி பாக்டீரியாவிலிருந்து ஒரு நொதியைப் படாதபாடு பட்டுப் பிரித்தெடுத்திருந்தார். குளுக்கோஸை, இனிப்பு கூடிய பழச்சர்க்கரையாக மாற்றுகிற நொதி. பாதியை மாற்றியது. அதோடு சரி. இன்னும் கொஞ்சம் நொதியை ஊற்றிப் பார்த்தார். சீக்கிரமாகப் பாதிக்கு வந்து, அங்கேயே நின்றுகொண்டது.

லீவோ முடியப்போகிறது. அரைகுறையாகத் திரும்பிப் போனால் ஸ்டாஃப் ரூமில் தலைகாட்ட முடியாது. நொதி இருந்த குழாயோடு ஜமீலாவிடம் வந்தார்.

"சோம்பேறி என்சைம் மேடம். கொட்டிடட்டுமா?"

"கொட்டலாம் சார். அதுக்கு முன்னாடி, வெறும் பழச்சர்க்கரையில கொஞ்சம் போட்டுப் பாருங்க."

"அது ஏற்கெனவே மாறினதாச்சே! அங்க இதுக்கு என்ன வேலை?"

ஜமீலா பழச்சர்க்கரை பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

மறுநாள் காலை அதே குழாயோடு கோதண்டபாணி ஓடி வந்தார்.

"குளுக்கோஸ் வந்திருக்கு மேடம்! இங்கயும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. தலைகீழா வேலை பார்த்திருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியலை."

ஜமீலா கணினியில் நொதியின் படத்தைத் திறந்தார். ஒரே மாதிரி நான்கு துண்டுகள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குழி. குழிக்குள் இரண்டு உலோக அயனிகள். சர்க்கரை அங்கே போய் உட்கார்ந்துதான் மாறும்.

"சர்க்கரை எப்படி உள்ள போகும்?"

"இந்த வாசல் வழியா."

"மாறினது எப்படி வெளிய வரும்?"

கோதண்டபாணி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். வேறு வழி இல்லை.

"இதே வாசல்தான் மேடம்."

"மாறினது மறுபடியும் உள்ள வந்தா?"

"தடுக்க ஆளில்லையே."

சொல்லிவிட்டு அவரே விழித்தார்.

"அப்ப, இந்தப் பக்கம் மாறுறதும் அந்தப் பக்கம் மாறுறதும் சமமாயிடுது. அதான் பாதியா?"

"ஆமா சார்."

"சரி. ஆனா பாதியில நின்னுபோச்சே. மறுபடி எப்ப வேலையைத் தொடங்கும்?"

"எப்ப சார் நிறுத்துச்சு?"

கோதண்டபாணி கையிலிருந்த குழாயைப் பார்த்தார். அதைக் கொட்டாமல் ஃபிரிட்ஜில் வைத்தார்.