பரஞ்சோதி வாயிலிருந்து வந்த வார்த்தை

புதிதாகக் கட்டிய அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்புகிற வழி ரொம்பக் குறுகல். அதை முதலில் கண்டுபிடித்தவள் சித்தாள் காத்தாயி.

"செங்கல் வண்டியே அங்க திரும்ப மாட்டேங்குது. ஸ்ட்ரெச்சர் எப்படிங்க ஐயா திரும்பும்?" என்று இன்ஜினியர் பரஞ்சோதியிடம் கேட்டாள்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பிளான் போட்டவன் நான்! 'இடி'ங்கிற வார்த்தை என் வாயிலிருந்து வந்தாத்தான் அந்தச் சுவர்ல கடப்பாரை படணும். இந்த ஜென்மத்துல அது வராது!"

மறுவாரம் கலெக்டரம்மா பார்வையிட வந்தார். ஸ்ட்ரெச்சரை உருட்டிக் காட்டச் சொன்னார்.

"கட்டினவங்களே படுத்துக் காட்டினா ஜனங்களுக்கு நம்பிக்கை வருமில்லீங்களா அம்மா?" என்றாள் காத்தாயி.

"நல்ல யோசனை" என்றார் கலெக்டர்.

பரஞ்சோதிக்கு மறுக்க வழியில்லை, படுத்தார். ஆறடி ஆள், பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காத்தாயியே தள்ளினாள். திருப்பத்தில் டமார்!

"ஐயோ, கால்! இடிக்குது, இடிக்குது!"

காத்தாயி வண்டியை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மேஸ்திரி, கடப்பாரையை எடுத்துக்கிட்டு வாங்க. ஐயா ஒரு தரத்துக்கு ரெண்டு தரமா சொல்லிட்டாரு!"