வலிக்காத கை

மலைச் சோலைக்குள் ஒரு குளம் இருந்தது. அதன் கரை மரங்களில் கருமந்திக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. தலைவன் பெயர் தாவையன். அவன் மனைவி மாதி.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் நீர் குடித்து முடிக்கும்வரை தலைவன் கரை மண்ணில் வலக்கையை ஊன்றி நிற்பான். தொலைவில் செந்நாய்கள் ஓடினாலும் அந்த அதிர்வு அவன் விரல்களுக்குத் தெரிந்துவிடும். அவன் "ஏறு!" என்று கத்தினால், அடுத்த கணம் தரையில் ஒரு வால்கூட இருக்காது.

தை மாதத்தில் ஒரு காலை, உறைபனி விழுந்திருந்தது. புல் வெளுத்துக் கிடந்தது. ஒரு பறவையும் பேசவில்லை. தாவையன் வழக்கம்போல் கையை ஊன்றினான். முதலில் எரிந்தது. பிறகு குத்தியது. பிறகு ஒன்றுமே இல்லை.

"ஓர் அசைவும் இல்லை. நிதானமாகக் குடியுங்கள்!" என்றான்.

அசைவு இருந்தது. அவன் விரல்களுக்குத்தான் தெரியவில்லை.

புதரை விலக்கிக்கொண்டு செந்நாய்கள் பாய்ந்தன! கூட்டம் அலறியபடி மரமேறியது. தாவையனால் கிளையைப் பற்ற முடியவில்லை. மாதி அவனை இழுத்து ஒரு பாறை இடுக்கில் திணித்துத் தானும் நுழைந்தாள். செந்நாய்கள் வெளியே நின்று மோந்தன, சீறின, பிறகு சோலைக்குள் மறைந்தன. அவை திரும்பி வரும் என்று இருவருக்கும் தெரியும்.

மாதி அவன் கையைப் பார்த்தாள். கரிய விரல்கள் சாம்பல் பூத்து, மெழுகுபோல் விறைத்திருந்தன.

"வலிக்கிறதா?"

"துளிகூட இல்லை, மாதி. ஆறிவிட்டது போலிருக்கிறது."

அப்போது ஒரு நரி எட்டிப் பார்த்தது. செந்நாய்கள் தின்று மீந்ததில் வயிறு வளர்க்கும் நரி அது.

"வெளியே வாருங்கள், தலைவரே! விறகு வெட்டிகள் மூட்டிய தீ அதோ கனன்றுகொண்டிருக்கிறது. கையைக் கங்கில் வையுங்கள், நொடியில் சரியாகும்! பயமென்றால் பனியை அள்ளி நன்றாகத் தேயுங்கள்!"

தாவையன் வெளியே வந்து நெருப்பை நோக்கி நடந்தான். மாதியும் பின்னால் வந்தாள். குளத்திலிருந்து ஒரு நீர்நாய் தலை நீட்டியது.

"நில்லுங்கள் அண்ணே! உணர்வில்லாத கை வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. தேய்த்தால் உள்ளே சதை கிழியும்!"

"மீன் நாறும் வாய்க்கு வைத்தியம் வேறா?" என்றது நரி.

"செந்நாயின் எச்சில் நாறும் வாயைவிட இது மேல்!" என்ற நீர்நாய் மாதியிடம் திரும்பியது. "காற்றுப் படாத இடுக்குக்கே கூட்டிப் போ. ஈரத்தை ஒற்றி எடு. கையை உன் அக்குளில் வைத்துக்கொள். மறுபடி குளிர் தொட விடாதே."

"எவ்வளவு நேரம்?"

"அவர் அழும்வரை."

இடுக்குக்குள் மாதி அந்த விறைத்த கையை அணைத்துக்கொண்டாள். ஒரு கல்லை அணைத்ததுபோல் இருந்தது. தொலைவில் செந்நாயின் சீழ்க்கை கேட்டது. இன்னொன்று பதில் சொன்னது. தாகம் தீராத குட்டிகள் மீண்டும் குளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ! எரிகிறது மாதி! விடு!"

"விட மாட்டேன்!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "வேறென்ன தெரிகிறது?"

"உன் நெஞ்சு அடிப்பது."

சொன்னவன் சட்டென்று அடங்கினான். அவள் அக்குளுக்கு வெளியே நீண்டிருந்த அவன் விரல்நுனி பாறையை உரசியிருந்தது.

"இது உன் நெஞ்சு இல்லை. கால்கள்... நிறையக் கால்கள்..."

அவன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "ஏறு!"

குட்டிகள் கிளைகளுக்குப் பறந்தன. "அந்தக் கையால் எதையும் பிடிக்காதீர்கள்!" என்று மாதி அவனை முதுகில் சுமந்து மரமேறினாள். செந்நாய்கள் வந்தபோது கரையில் மிஞ்சியது கங்கருகே குளிர் காய்ந்துகொண்டிருந்த நரி மட்டுமே. அது ஓடிய திசையில் ஓர் ஊளை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தாவையனின் விரல்களில் கொப்புளங்கள் எழுந்தன. மாதி அவற்றை யாரையும் உடைக்க விடவில்லை. சுண்டுவிரலின் நுனி மட்டும் கறுத்து உதிர்ந்தது. அதன்பின் பனி நாட்களில் கூட்டத்தார் முறை வைத்துக் கை ஊன்றினார்கள்.

வலி நின்றதாலேயே துன்பம் தீர்ந்தது என்று எண்ணாதே. மரத்துப்போனதை மீட்பது அவசர நெருப்பல்ல, விடாமல் அணைத்திருக்கும் இதமான சூடே.