நனையாத சட்டை

வேங்கைமலை என்று ஒரு சின்ன ராஜ்யம். அதன் ராஜா சொக்கவர்மர் தங்கமான மனிதர்தான். ஒரே ஒரு பலவீனம். "உங்கள் பாட்டனார்" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், உருகிவிடுவார்.

ராணிக்கு நிறைமாதம். அந்த நேரம் பார்த்து உலகளந்தான் என்ற பழம்பொருள் வியாபாரி சபைக்கு ஒரு சந்தனப் பேழையோடு வந்தான். உள்ளே ஒரு குட்டிப் பட்டுச் சட்டை. ஜரிகை கண்ணைப் பறித்தது.

"மகாராஜா, உங்கள் பாட்டனார் பச்சைக் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டை. பிறக்கப்போகும் இளவரசருக்கு இதைவிட என்ன வேண்டும்? விலையாக வேப்பங்குளம் கிராமத்தைக் கொடுத்தால் போதும்."

அன்று வேப்பங்குளத்து ஜனங்கள் சிலர், ஏரி மடை உடைந்ததைச் சொல்லிப்போக வந்து சபை ஓரத்தில் நின்றிருந்தார்கள். பாவம், மடையை மறந்துவிட்டார்கள். ஊரே அல்லவா கைமாறப் போகிறது?

அரண்மனையில் எதை வாங்கினாலும் விலை மதிப்பவர் திருமேனி. ராஜா அவரை அழைத்தார்.

"நீரே விலை சொல்லும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இதைக் குறைத்து மதித்தால் என் பாட்டனாரையே குறைத்து மதித்த மாதிரி."

திருமேனி சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஒரு கிராமம் போதாது, மகாராஜா" என்றார்.

வியாபாரிக்கு வாயெல்லாம் பல். வேப்பங்குளத்தார் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை கிராமம் என்று சொல்வதற்கு முன் ஒரு விவரம் வேண்டும். ஐயா, பாட்டனார் இதை எத்தனை நாள் போட்டிருந்தார்?"

விலை ஏறுகிறது என்றதும் வியாபாரி அளந்துவிட்டான். "பிறந்த அன்றிலிருந்து மூன்று மாதம். ராத்திரி பகல் கழற்றவே இல்லை."

"துவைத்தார்களா?"

"பட்டாயிற்றே. இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை."

திருமேனி ராஜா பக்கம் திரும்பினார். "பிறந்த குழந்தைக்கு நாம் பழைய வேட்டியைக் கிழித்துத்தானே சுற்றுவோம்? புதுத்துணி உடம்பை உறுத்துமே."

"ராஜ குழந்தைக்குப் பட்டு போட்டிருப்பார்கள்" என்றார் ராஜா, விட்டுக்கொடுக்காமல்.

"இருக்கும். அப்படியானால் இன்னொரு குழந்தைக்கும் போட்டுப் பார்ப்போம்."

வேப்பங்குளத்து மருதாயி கையில் நாலு மாதக் குழந்தை. திருமேனி சொன்னபடி அவள் சட்டையை அதற்கு மாட்டினாள். பிள்ளைக்குப் பட்டு பிடித்துப் போயிற்று, காலை உதைத்துச் சிரித்தது. வியாபாரிக்குத்தான் வியர்த்தது.

"ஐயோ, கழற்றச் சொல்லுங்கள். பட்டு பாழாகிவிடும்."

"மூன்று மாதம் தாங்கிய பட்டு, ஒரு நாழிகை தாங்காதா?" என்றார் திருமேனி.

தாங்கவில்லை. அரை நாழிகைக்குள் குழந்தை குடித்த பாலைக் கக்கியது. அடுத்த நிமிஷம் கீழேயும் நனைத்துவிட்டது. ஜரிகை கறுத்தது, சாயம் மருதாயி கையெல்லாம் ஒழுகியது. சபை வாயைப் பொத்திக்கொண்டது.

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியென்றால் என் பாட்டனார் சட்டை பொய் என்கிறீரா?"

"நான் எப்படிச் சொல்வேன், மகாராஜா? மூன்று மாதம் பால் கக்காமல், ஒரு சொட்டு நனைக்காமல் ஒரு குழந்தை கிடந்தால் அது பிழைக்குமா? உங்கள் பாட்டனார் பிழைக்காமல் போயிருந்தால் தாங்கள் ஏது? தாங்களோ நல்லபடியாக எங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டையைப் பொய் என்பது நானல்ல, தாங்கள்தான்."

ராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் நின்றது.

"சரி, இப்போது இதற்கு என்ன விலை?"

"இப்போதுதான் இது குழந்தைச் சட்டை ஆகியிருக்கிறது. நனைத்தவருக்கே சொந்தம். துவைத்துக் கொடுக்க வேண்டியது கொண்டுவந்தவர்."

உலகளந்தான் ஏரிக்கரையில் அந்தச் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்ததை வேப்பங்குளமே வேடிக்கை பார்த்தது. மடையும் அந்த வாரமே சரியாயிற்று.

மறுமாதம் இளவரசன் பிறந்தான். ராஜாவின் பழைய வேட்டியில் சுற்றி அவர் மடியில் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் ராஜா, நனைந்த மடியோடு எழுந்து, திருமேனிக்கு ஆளனுப்பினார்.

"வந்து பாரும், ஓய். சந்தேகமே இல்லை, எங்கள் வம்சம்தான்."