ஆலங்கன்று சுவர் ஏறிய கதை

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, ஆல் தரையில் மட்டும்தான் முளைத்தது. சுவர் ஏறும் புத்தி அதற்குக் கிடையாது.

அப்போது மலைக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை எல்லைக் கோட்டை கட்டினான். கட்டியதோடு விட்டானா? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை தரையில் ஒரு மரமோ குடிசையோ நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். எதிரி ஒளிந்து வருவானாம். எந்த எதிரி என்று துரைக்கே தெரியாது.

மோர்க்காரி செவந்தாயி, கொள்ளையர் எரித்த ஊரிலிருந்து கைக்குழந்தையோடு தப்பி வந்தவள். பகலில் கோட்டை வாசலில் மோர் விற்கலாம். பொழுது சாய்ந்தால் சிப்பாய்கள் விரட்டிவிடுவார்கள். காட்டோரம்தான் படுக்கை. சிறுத்தை நடமாடும் இடம். கோட்டைச் சுவரோரம் ஒரு குடிசை போட முடிந்தால் போதும் அவளுக்கு.

வாசலருகே கடைசியாக ஒரே ஒரு ஆல் மிஞ்சியிருந்தது. அதற்கும் ஒருநாள் கோடாரி வந்தது.

"காக்கா, என் பழத்தைத் தின்று என் வம்சத்தை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்" என்றது ஆல்.

"எங்கே சேர்க்க? தலை காட்டினாலே வெட்டுகிறார்களே!"

"தரையில் முளைத்தால்தானே வெட்டுவான்?" என்றாள் செவந்தாயி. "சுவரில் முளை. உத்தரவில் சுவர் என்ற பேச்சே இல்லை."

"சுவரிலா? சாப்பாட்டுக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்றது ஆல்.

"சுண்ணாம்போடு கருப்பட்டி, கடுக்காய் எல்லாம் போட்டு அரைத்திருக்கிறார்கள். நான் சாப்பிடுவதைவிட மேல்."

"விழுந்துவிட்டால்?"

"இங்கேயே நின்றால் மட்டும் விழாமலா இருக்கப்போகிறாய்?"

காக்கா பழத்தைத் தின்றது. சுவர் இடுக்கில் உட்கார்ந்து, காக்கா செய்வதைச் செய்தது.

செவந்தாயி தினமும் மோர்ப்பானை கழுவிய தண்ணீரை அந்த இடுக்கில் வீசினாள். கன்று வந்தது. முதல் துரை பார்த்தான், புல் என்றான். இரண்டாம் துரை, அடுத்தவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றான். மூன்றாம் துரை வந்தபோது உச்சி வெயிலில் அதன் நிழலில் ஒரு சந்தையே கூடியிருந்தது.

"பிடுங்கு!" என்றான் அவன்.

கொத்தனார் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "பிடுங்கலாம் துரை. சுவரும் கூடவே வரும். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதே இந்த வேர்தான்."

துரை தாடையைச் சொறிந்தான்.

"மரமே நிற்கும்போது, அதன் கீழே என் குடிசை நின்றால் கோட்டை கெட்டுவிடுமா துரை?" என்றாள் செவந்தாயி.

துரை மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். அன்று சாயங்காலம் அவள் நான்கு கம்பு நட்டாள். சிப்பாய்கள் விரட்ட வரவில்லை. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொரு குடிசை. பிறகு தெரு, குளம், பள்ளிக்கூடம். எதிரி வரவேயில்லை, வந்ததெல்லாம் ஜனம். கோட்டையை நடுவில் வைத்து நகரமே வளர்ந்துவிட்டது.

எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும், ஒரு வெடிப்பு கிடைத்தால் போதும், ஆலங்கன்று எட்டிப் பார்ப்பது அந்த நாளிலிருந்துதான்.