தளவாய் கேட்டு வாங்கின உலக்கை

ஏய், காலை மடக்கி உக்காருங்க, இது அவசரக் கதை, ஓடிக்கிட்டேதான் சொல்லணும். மலையடிவாரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம், அவ சாணை பிடிக்கிறவ, ஊரு அரிவாள் பூரா அவ கல்லுல தீட்டினதுதான். அவளுக்கு ரெண்டு அண்ணன், பெரியவன் வெள்ளையப்பன், சின்னவன் குப்பமுத்து. நல்லவனுகதான், ஆனா கோவம் வந்துச்சுன்னா கண்ணு மண்ணு தெரியாது.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். எவன் எவன வெட்ட ஓங்கினாலும், கூடப்பிறந்தவ நடுவுல வந்து முந்தானையத் தரையில விரிச்சிட்டா அதத் தாண்டக் கூடாது. தாண்டினவனுக்கு அந்த ஊர்ல பொண்ணும் கெடையாது, பந்தியில எலையும் கெடையாது. ஒரு வருசம் அண்ணன் தம்பிக்குள்ள வரப்புச் சண்டை, கம்பத் தூக்கினானுக, மாடத்தி ஓடிப்போயி விரிச்சா, நின்னுட்டானுக. மறு வருசம் வாய்க்கா தண்ணிக்குச் சண்டை, அரிவாளத் தூக்கினானுக, ஓடிப்போயி விரிச்சா, நின்னுட்டானுக. அதுக்கடுத்த வருசம் ஒத்தைப் பலாமரத்துக்குச் சண்டை, கோடாலியத் தூக்கினானுக, அவ தீட்டிக்கிட்டிருந்தத அப்படியே போட்டுட்டு மூச்சு வாங்க ஓடிப்போயி விரிச்சா, அப்பவும் நின்னுட்டானுக. சாயங்காலம் பாத்தா ரெண்டு பேரும் அவ வீட்டுல ஒண்ணா உக்காந்து கருவாட்டுக் குழம்பு ஊத்தித் தின்னுக்கிட்டிருக்கானுக. சிரிக்காதீங்க, உங்க ரெண்டு பேரு லட்சணமும் எனக்குத் தெரியாதா?

இப்படி இருக்கையில, அந்த நாட்டுத் தளவாய், அதான் ராசாவோட படைக்குப் பெரியவரு, ஒரு வேலை பண்ணினாரு. கொல்லப்பட்டறையில சொல்லி ஆயிரம் துப்பாக்கி செஞ்சு அடுக்கி வச்சிட்டாரு, அத விக்கணுமே, என்ன பண்றது? ராசாகிட்ட போயி, காட்டுப்பன்னி வந்து கடலைக்காட்டை எல்லாம் கிண்டிட்டுப் போகுது, அதனால கேட்டவன் கையில எல்லாம் துப்பாக்கி குடுக்கணும், யாரு எவன்னு பாக்கக் கூடாதுன்னு ஓதினாரு. பன்னித் தொல்லை நெசம், அத இல்லேன்னு சொல்ல முடியாது. ராசாவும் நல்லவருதான், ஆனா கடைசியாப் பேசினவன் சொல்றதுதான் அவருக்குச் சரி. உடனே சரின்னுட்டாரு, ஊரு ஊரா தமுக்கு அடிச்சாச்சு.

தமுக்குச் சத்தம் கேட்டதும் வெள்ளையப்பன் நான் ஒண்ணு வாங்குவேன்னான். குப்பமுத்து விடுவானா, அப்ப நான் ரெண்டு வாங்குவேன்னான். மாடத்தியோ அப்பன் ஆத்தா இல்லாதவ, பிறந்த வீடுன்னு சொல்லிக்க அந்த ரெண்டு பேருதான், அதுல ஒருத்தன் போனாலும் இன்னொருத்தன் சிறைக்குப் போவான். அவ எடுத்தா பாரு ஓட்டம், நேரா அரமனையிலதான் போயி நின்னா.

துப்பாக்கிய இப்படி அள்ளிக் குடுக்காதீங்க மகாராசான்னு அழுதா. தளவாய் சிரிச்சாரு.

"ஏ புள்ள, ஊருக்கெல்லாம் அரிவாள் தீட்டிக் குடுக்கிறதே நீதான். அரிவாள் கொல்லாதா? உலக்கை கொல்லாதா? அடுப்பு நெருப்பு கொல்லாதா? கொல்றது மனுசன் கோவம். கையில இருக்கிறது எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்."

சபையே தலையாட்டுச்சு, ராசாவும் ஆட்டினாரு, இந்தா, நீங்களும் ஆட்டுறீங்க. மாடத்தி மட்டும் ஆட்டல.

"கோவந்தான் கொல்லுது, நெசந்தான் சாமி. அந்தக் கோவத்துக்கு முன்னாடி நான் ஓடியாந்து சேரணும்ல? ஒரு தடவை என் எடத்துல நின்னு பாருங்க"ன்னா.

ராசாவுக்கு வேடிக்கைன்னா உசுரு. அரமனை முத்தத்து நடுவுல ஒரு பூசணிக்காய வைக்கச் சொன்னாரு, அதுதான் அண்ணன் தலை. ஒரு கோடியில காவக்காரன், மறு கோடியில தளவாய், தோள்ல பட்டுத் துண்டு, அதுதான் முந்தானை. மொதல்ல காவக்காரன் உலக்கையோட ஓடியாந்தான், தளவாய் தொந்தி குலுங்க ஓடி துண்ட விரிச்சாரு, அவன் நின்னான். அப்புறம் அரிவாளோட ஓடியாந்தான், தளவாய் விழுந்து எந்திரிச்சு ஓடி விரிச்சாரு, அவன் நின்னான். மூணாவது துப்பாக்கி. அவன் எங்க ஓடினான்? நின்ன எடத்துல நின்னான், டமார்னு ஒரு சத்தம், பூசணிக்காய் சுக்குநூறாப் போச்சு, ராசா மீசையில பாதி விதை. தளவாய் அப்பத்தான் தோள்ல இருந்து துண்ட எடுக்கிறாரு!

ஆனாலும் மனுசன் ஒத்துக்கலியே. காவக்காரன் அவசரப்பட்டுட்டான், இது செல்லாது, எல்லாம் ஒண்ணுதான்னு சாதிச்சாரு.

மாடத்தி ராசாவக் கும்புட்டா. "மகாராசா, பூசணிக்காய் போச்சு. இப்ப அந்த எடத்துல தளவாய் உக்காரட்டும். காவக்காரன் கையில உலக்கைய குடுக்கலாமா, துப்பாக்கிய குடுக்கலாமா, அவரே சொல்லட்டும். எல்லாம் ஒண்ணுதான?"

காவக்காரன் சும்மா இருக்காம துப்பாக்கியில வெடிமருந்து கெட்டிக்க ஆரம்பிச்சிட்டான். தளவாய்க்கு வேர்த்து ஊத்துது.

"உலக்கை, மகாராசா"ன்னாரு.

"ஏன்?"னாரு ராசா.

"உலக்கைன்னா ஓடிரலாம்."

அம்மாடி, சிரிச்சாங்க பாரு ஒரு சிரிப்பு, அரமனைப் புறா எல்லாம் பறந்து போச்சாம். ராசா உத்தரவு போட்டாரு. பன்னிக்குத் துப்பாக்கி வேணும், அது ஊர்ச் சாவடியில பூட்டிக் கெடக்கட்டும், கேக்குறவன் எவன்கூடவும் பகையில இல்லேன்னு அக்கம்பக்கத்துல நாலு பேரு சொன்னா எடுத்துட்டுப் போகட்டும், வேலை முடிஞ்சதும் திருப்பி வைக்கட்டும். துப்பாக்கி வாங்கப் போன அண்ணனுகளுக்காக நாலு பேரு இல்ல, ஒருத்தன்கூட வாயத் திறக்கல. ரெண்டு பேரும் வெறுங்கையோட திரும்பி வந்தானுக, மாடத்தி அவனுகளக் கட்டிப் பிடிச்சு அழுதா.

தளவாய்க்கு? அவருக்குத் தனி உத்தரவு. இனிமே இந்த நாட்டுல எவன் துப்பாக்கிய நீட்டினாலும், நடுவுல போயி துண்ட விரிக்கிறது நீருதான்னுட்டாரு ராசா. அன்னைக்கே கெளம்பினாரு மனுசன், அதுக்குள்ள அங்கங்க தான் வித்திருந்த துப்பாக்கியத் தானே வீடு வீடா ஏறி, காலைப் பிடிச்சு, கையப் பிடிச்சு, ஒண்ணு விடாமத் திருப்பி வாங்கினாரு.

கோவம் எல்லாருக்கும் வரும் கண்ணுகளா. குறுக்க வர்றவளுக்கு ஓடி வர நேரம் இருக்கணும், அவ்வளவுதான். கதை மலையேறிப் போயிருச்சு, நீங்க பாயில படுங்க.